நரி வெறுத்த புள்ளி

அல்லிக்குளத்தின் மதகை ஏற்றி இறக்குவது ஒரு கம்ப்யூட்டர். காட்டுக்குள் கம்ப்யூட்டர் எப்படி வந்தது என்று கேட்கிறவர்கள், நரி எப்படிப் பேசுகிறது என்று மட்டும் கேட்கவே மாட்டார்கள். ஆகவே மேலே போவோம்.

அது கரைமேல் இருந்த பழைய பெட்டி. தவளை ராக்குதான் அதற்குக் காவல். பெட்டிக்குள் இருந்தது சாதா ஷெல். ஸ்கிரிப்ட் என்ற பெயரில் எழுதிக் கொடுக்கிற கட்டளைகளை வரிவரியாகப் படித்து வேலை பார்க்கும். அலங்காரமாகப் பேசினால் அதற்கு ஏறாது.

நரி மேதாவியின் குகையிலோ புதுப் பெட்டி. அதில் இருந்தது படித்த ஷெல். மேதாவி என்ற பெயரும் நரி தனக்குத் தானே வைத்துக்கொண்டதுதான்.

ஒருநாள் மேதாவி காட்டின் ஸ்கிரிப்ட்டுகளை எல்லாம் புரட்டிப் பார்த்தது. நீர்மட்டம் பார்க்கிற வரிகள் மதகு ஸ்கிரிப்ட்டிலும் இருந்தன, மீனுக்கு இரை போடுகிற ஸ்கிரிப்ட்டிலும் இருந்தன. ஒரே சங்கதியை ஊரெல்லாம் எழுதி வைப்பானேன்? பொதுவானதை ஒரு தனிக் கோப்பில் போட்டுவிட்டால், வேண்டிய ஸ்கிரிப்ட் அதை உள்ளே அழைத்துக்கொள்ளுமே! நல்ல யோசனைதான். நரிக்கு மூளை இல்லை என்று யாரும் சொல்லவில்லை, கொழுப்புதான் கொஞ்சம் அதிகம்.

கோப்பை உள்ளே அழைக்க இரண்டு வழி உண்டு. ஒன்று, வெறும் ஒரு புள்ளி. அது எந்த ஷெல்லுக்கும் புரியும். இன்னொன்று ‘சோர்ஸ்’ என்ற சொல். அது படித்த ஷெல்லுக்குத்தான் புரியும்.

“புள்ளியா? ஈ எச்சம் போட்ட மாதிரி இருக்கு!” என்று மூக்கைச் சுளித்தது நரி. கம்பீரமாக ‘சோர்ஸ்’ என்றே எழுதியது. தன் குகையில் ஓட்டிப் பார்த்தது, ஓடியது. கரைக்கு வந்து ஒரு தடவை ஓட்டிக் காட்டச் சொன்னது தவளை. நரிக்கு அது தூங்குகிற நேரம். குகையில் ஓடினது குளத்தில் ஓடாதா என்று சொல்லி, புது ஸ்கிரிப்ட்டையும் பொதுக் கோப்பையும் கொடுத்துத் தவளையை அனுப்பிவிட்டது.

அந்தச் சமயம் பார்த்து ஆமை செங்காயி கரைமணலில் குழி தோண்டி முட்டையிட்டிருந்தது. போன வருஷ முட்டைகளை வெள்ளம் கொண்டுபோய்விட்டது. அந்தத் துக்கம் இன்னும் ஆறவில்லை. இந்த முறை குழியை விட்டு அசையாமல் உட்கார்ந்திருந்தது.

மழை பிடித்தது. சாதாரண மழை இல்லை, வானமே பொத்துக்கொண்ட மழை. குளம் மளமளவென்று ஏறியது. தவளை ஓடிப்போய்ப் புது ஸ்கிரிப்ட்டை ஓட்டியது. திரையில் என்னென்னவோ ஓடி, கடைசியில் ‘மதகு திறந்தாச்சு’ என்று வந்தது. தவளை எப்போதும் கடைசி வரியைத்தான் படிக்கும். சந்தோஷமாகக் கத்தியது. அதைக் கேட்டு, பாராட்டு வாங்கிக்கொள்ள நரி ஒரு தேக்கிலையைப் பிடித்துக்கொண்டு கரைக்கு வந்து சேர்ந்தது.

செங்காயி திரையைப் பார்க்கவில்லை, தண்ணீரைப் பார்த்தது. தண்ணீர் குழிக்குப் பக்கத்தில் வந்திருந்தது.

“தம்பி, மதகு திறந்த விஷயம் தண்ணிக்குத் தெரியலையே” என்றது ஆமை.

“என் குகையில நல்லாத்தானே ஓடுச்சு, அக்கா!”

“அப்ப இந்தக் குளத்தைத் தூக்கிட்டுப் போய் உன் குகையில வை.”

சொல்லிவிட்டு நரியின் வாலைக் கவ்வியது. வாய் நிறைய வால் இருந்ததால் அதற்கு மேல் பேசவில்லை. பேசத் தேவையும் இல்லை.

வலி தாங்காமல் நரி திரையை முதல் வரியிலிருந்து படித்தது. சோர்ஸ் என்ற சொல்லே தனக்குத் தெரியாது என்று சாதா ஷெல் அப்போதே சொல்லியிருந்தது. கோப்பு உள்ளே வராததால், நீர்மட்டம் பார்ப்பது எப்படி என்றும் அதற்குத் தெரியவில்லை; மட்டம் தெரியாமல் மதகையும் தூக்கவில்லை. ஆனாலும் மிச்ச வரிகளைப் படித்துக்கொண்டே போய், எழுதியிருந்தபடி கடைசியில் ‘திறந்தாச்சு’ என்றும் சொல்லிவிட்டது. அந்த வரியை எழுதியது யார்? மேதாவிதான்!

நரி சோர்ஸை அழித்துவிட்டுப் புள்ளியைப் போட்டது. ஓட்டினால், கோப்பைக் காணோம் என்று ஷெல் அங்கேயே நின்றுவிட்டது. இந்தத் தடவை பொய்யாவது சொல்லவில்லை. கோப்பின் பெயரை மட்டும் எழுதிய நரி, அது இருக்கிற இடத்தை எழுதவில்லை. தண்ணீர் குழியின் ஓரத்து மணலைக் கரைக்கத் தொடங்கியது. ஆமையின் பிடி இறுகியது. நரி கண்ணீரும் கம்பலையுமாகப் புள்ளிக்குப் பக்கத்தில் கோப்பின் முழு முகவரியையும் எழுதி ஓட்டியது.

மதகு கிறீச்சிட்டுக்கொண்டு மேலே ஏறியது. தண்ணீர் மறுபக்கம் பாய்ந்தது. குழி தப்பியது. பெருமூச்சு விட ஆமை வாயைத் திறந்தபோதுதான் வால் வெளியே வந்தது, அதுவும் பாதி மயிரோடு.

முட்டைகள் பொரிந்தன. குஞ்சுகள் வரிசையாகக் குளத்தில் இறங்கிய அன்று, நரி இன்னொரு புது ஸ்கிரிப்ட்டோடு வந்தது. குகையில் பிரமாதமாக ஓடியதாகச் சொல்ல ஆரம்பித்தது. செங்காயி சும்மா ஒரு கொட்டாவி விட்டது. அந்த வாயைப் பார்த்ததும் நரி வாலைச் சுருட்டிக்கொண்டு நேராகக் கரைமேல் இருந்த பழைய பெட்டிக்குப் போனது.

நாலு பேருக்கு உதவட்டும் என்று எழுதியதை, நம் வீட்டில் ஓடியதே என்று மார்தட்டாமல், அந்த நாலு பேர் இருக்கிற இடத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும்.