டோரக் வீட்டுக்குப் போன பிள்ளை

ஸ்காட்லாந்தின் மலைநாட்டை கோர்மாக் என்று ஓர் அரசன் ஆண்டான். மூன்று வருடமாக அவனுக்கு ஒரே வேலை. அடங்காத பிரபுக் குடும்பங்களின் கோட்டைகளைக் கொளுத்துவதுதான் அது. மூன்று குடும்பங்கள் ஒழிந்தன. ஆனால் மனுஷனுக்குத் தூக்கம் மட்டும் வரவில்லை. ஒருவனை ஒழித்தால் அவன் பங்காளியும் மைத்துனனும் வாளைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறார்கள், எங்கே வரும் தூக்கம்?

நாலாவது குடும்பத்தின் தலைவன் டோரக் பிடிபட்டான். அவனை என்ன செய்வதென்று கேட்க, கோர்மாக் தன் குரு ஏடனின் மடத்துக்குப் போனான். ஏடன் மீனுக்கு உப்புத் தடவிக்கொண்டிருந்தார்.

"தூக்கில் போட்டால் அவன் தம்பிகள் வருவார்கள் சாமி. விட்டால் அவனே வருவான்."

"சின்ன வயதில் நீ எங்கே வளர்ந்தாய்?"

"ரூவன் பிரபு வீட்டில். நம் வழக்கம்தானே அது. பெரிய வீட்டுப் பிள்ளையை இன்னொரு வீட்டில் வளர்க்கக் கொடுப்பார்கள்."

"ரூவன் உன் அப்பாவோடு சண்டைக்கு வந்தாரா?"

"எப்படி வருவார்? நான் அவர் வளர்த்த பிள்ளை ஆயிற்றே."

"உனக்கு ஒரு மகள் இருக்கிறாள் அல்லவா?"

கோர்மாக் சட்டென்று எழுந்துவிட்டான்.

"ஈனாவுக்கு ஆறு வயதுதான் சாமி. டோரக்கின் மச்சானை நான் வெட்டியிருக்கிறேன். டோரக்கின் பிள்ளையை வேண்டுமானால் பிணையாகப் பிடித்து வைக்கிறேன்."

"மூன்று வீட்டுப் பிள்ளைகளைப் பிடித்து வைத்தாய். தூங்கினாயா?"

கேட்டுவிட்டு ஏடன் அடுத்த மீனை எடுத்தார்.

கோர்மாக் டோரக்கை அவிழ்த்துவிட்டு, வளர்க்கச் சொல்லி மகளையும் அவனோடு அனுப்பி வைத்தான். ராணி அவனோடு பேச்சை நிறுத்திவிட்டாள். அவனுக்கு மட்டும் தைரியமா என்ன? டோரக்கின் கோட்டைக்கு எதிரே இருந்த காட்டில் தன் வீரர்கள் முந்நூறு பேரை ஒளித்து வைத்தான். மூன்று மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தவன், அதற்கு மேல் தாங்காமல், சொல்லாமல் கொள்ளாமல் கோட்டைக்கே போய் நின்றான். அங்கிருந்து நேரே மடத்துக்கு வந்தான்.

"பிள்ளை எப்படி இருக்கிறாள்?" என்று ஏடன் கேட்டார்.

"நான் போனபோது டோரக்கின் மனைவி மோர்னா அவள் காதைத் திருகிக்கொண்டிருந்தாள்."

"ராஜா மகள் காதையா?"

"ஆமாம் சாமி. ஏரியில் தனியாக இறங்கினாளாம். என்னைப் பார்த்தும் மோர்னா கையை எடுக்கவில்லை. 'எல்லாம் நீங்கள் கொடுத்த செல்லம்' என்று எனக்கும் சேர்த்துத் திட்டு. அப்புறம் அவளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு தலையைத் துவட்டினாள்."

சொல்லும்போதே கோர்மாக்குக்குச் சிரிப்பு வந்தது. கண்ணும் நிறைந்தது.

"காட்டில் இன்னும் ஆட்கள் நிற்கிறார்களா?"

"முந்நூறு பேர் சாமி."

"பார்லி அறுக்கிற நேரம். பாவம், வீட்டுக்குப் போகச் சொல்" என்றார் ஏடன்.