மேலே இருக்கிறவர்

கொம்பன்விளையில் நாலு பேருக்கு ஒருநாள் காலையில் முக்தி அடைந்துவிட வேண்டும் என்று தோன்றிவிட்டது. வேறு வேலை இல்லை, அவ்வளவுதான். கொண்டல், அய்யாப்பழம், வெயிலுமுத்து, சுடலைக்கண் என்று பெயர். நாலு பேருக்கும் சேர்த்து ஒரு மூளை இருந்திருக்கலாம்; யாரிடம் இருந்தது என்பதுதான் தெரியவில்லை.

தோப்பில் பிரசங்கம் செய்ய வந்த சாமியாரை மறித்து, "சாமி, விடுதலைக்கு ஒரு வழி சொல்லுங்க" என்றார்கள். காரில் ஒரு காலை வைத்திருந்த சாமியார் விரலை மேலே காட்டினார். "என் இஷ்டம் என்பதை விடுங்கள். மேலே இருக்கிறவர் காலைப் பிடியுங்கள். என்ன ஆனாலும் விடாதீர்கள்." கார் போய்விட்டது.

நாலு பேரும் மேலே பார்த்தார்கள். தென்னை மரத்தில் கனிராஜ் தேங்காய் பறித்துக்கொண்டிருந்தார்.

"ஏலே, நம்ம கனிராஜ் அண்ணாச்சியா அது! இத்தனை நாளும் தெரியாமப் போச்சே!" என்று கொண்டல் கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

கனிராஜுக்கோ தலை போகிற அவசரம். அக்கா மகளுக்கு அன்று காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்துவார்கள். பதினோரு மணிக்குள் போகாவிட்டால் அக்கா ஆயுசுக்கும் முகத்தில் விழிக்க மாட்டாள். கடைசிக் குலையை வெட்டிவிட்டு விறுவிறுவென்று இறங்கினார். இன்னும் ஓர் ஆள் உயரம்தான் பாக்கி. எட்டுக் கைகள் அவர் காலைக் கவ்விப் பிடித்தன.

"அட கூறுகெட்டவனுகளா, விடுங்கலே!"

"விட மாட்டோம் அண்ணாச்சி. விட்டா விடுதலை போயிரும்."

"நான் கீழ இறங்கணும்லே!"

"இறங்கினா எப்படி மேல இருக்கிறவர் ஆவாரு?" என்றான் அய்யாப்பழம். "நம்மள மாதிரி சாதா ஆளுல்லா ஆயிருவாரு?"

நியாயம்தானே! நாலு பேரும் சேர்ந்து அவரை மறுபடி மேலே தள்ளினார்கள்.

காதுகுத்து வீட்டில் மேளம் கேட்க ஆரம்பித்தது. கனிராஜுக்கு அழுகையே வந்துவிட்டது. "எங்க அக்கா என்னைக் கொன்னுருவாலே! இறங்குறதுதான் என் இஷ்டம். காலை விடுங்க!"

காலை விடாமலே ஆலோசனை நடந்தது.

"சாமியார் விடாதேங்காரு. இவரு விடுங்காரு. நம்ம இஷ்டப்படி எதைச் செய்யலாம்?" என்றான் சுடலைக்கண்.

"நமக்குத்தான் இஷ்டமே கிடையாதே," என்றான் கொண்டல்.

"எனக்குப் புரோட்டான்னா இஷ்டம்," என்றான் வெயிலுமுத்து.

"அதையும் விடு."

வெயிலுமுத்து விம்மிவிட்டான். முக்தி இவ்வளவு கஷ்டம் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை.

அப்போது பக்கத்தில் பாதி தோண்டிக் கிடந்த கிணறு கனிராஜ் கண்ணில் பட்டது. "ஏலே, நான் மேல இருக்கணும், அவ்வளவுதானே? நீங்க அந்தக் குழிக்குள்ள போங்க. நான் தரையில நின்னாலும் உங்களுக்கு மேலதானே?"

"அடேயப்பா, இதுல்லா ஞானம்!" நாலு பேரும் காலை விட்டுவிட்டுத் தொபுக்கடீர் என்று குழிக்குள் குதித்தார்கள். கனிராஜ் இறங்கினார், வேட்டியை மடித்துக் கட்டினார், திரும்பிப் பார்க்காமல் ஓடினார். பிள்ளை அவர் மடியில் உட்கார்ந்து வீறிட்டு அழுதது. அக்கா சிரித்தாள்.

குழிக்குள் வெயில் ஏறியது.

"மேல யாரையும் காணோமே?" என்றான் சுடலைக்கண்.

"இருப்பாரு. நம்பணும்லே," என்றான் அய்யாப்பழம்.

சொல்லி வாய் மூடவில்லை, விளிம்பில் ஒரு தாடி எட்டிப் பார்த்தது. பின்னாலேயே இரண்டு கொம்பும் வந்தன. நாலு பேரும் கும்பிட்டார்கள்.

"மே..." என்றது வெள்ளாடு.

"என்னலே சொல்லுதாரு?"

"மேயச் சொல்லுதாரு."

"இங்க புல்லே இல்லையே?"

"அதைக் கேக்க நாம யாருலே?" என்று அதட்டிவிட்டு, கொண்டல் மண்டிபோட்டு அய்யாப்பழத்தின் துண்டிலிருந்து ஆரம்பித்தான்.