எல்லாம் உள்ளேதான் இருக்கு

யாரும் இலவசமாக எடுத்து மாற்றிக்கொள்ளக்கூடிய தமிழ் எழுதும் மென்பொருள் அது. அதன் குழுத் தலைவர் வரதராஜுலு அதில் முந்நூறு செட்டிங்ஸ் வைத்திருந்தார். ஜனங்கள் திணறினார்கள்.

புதிதாகச் சேர்ந்த ஜெசிந்தாவைக் கூப்பிட்டு, "ஒண்ணைக்கூட எடுக்காம சுலபமாக்கிக் காட்டு, இல்லேன்னா குழுவை விட்டுக் கிளம்பு" என்றார்.

மறுநாள் திரை துடைத்துவிட்டாற்போல் இருந்தது.

"எங்கேம்மா என் செட்டிங்ஸ்?"

"எதையும் எடுக்கலை சார். அதெல்லாம் இருக்கிற மெனுவை மறைக்க நீங்களே ஒரு செட்டிங் வச்சிருக்கீங்க. அதைத்தான் தட்டினேன்."

"திரும்பக் கொண்டுவர்றது?"

"அதுவும் அந்த மெனுவுக்குள்ளேதான் சார் இருக்கு."

தலைவர் மவுஸை அங்குமிங்கும் ஓட்டினார். மெனு அகப்படவில்லை. ஜெசிந்தா தான் எழுதி வைத்திருந்த மாற்றத்தை மென்பொருளில் சேர்த்தாள். திரை ஓரத்தில் 'பழையபடி' என்று ஒரு பட்டன் முளைத்தது. தட்டினார், எல்லாம் வந்துவிட்டது.

"இதை எதுக்குள்ளேம்மா வச்சே?"

"எதுக்குள்ளேயும் வைக்கலை சார். வெளியே வச்சேன்."

வரதராஜுலு சிரித்துவிட்டார். "மிச்சத்தையும் நீயே பாரும்மா" என்று நாற்காலியை விட்டு எழுந்தார்.