ஆமெனுக்குப் பிறகு

"இவ்வளவு பேர்தானா, ஐயா?"

உபதேசியார் சற்குணம் பிடரியைச் சொறிந்துகொண்டே கேட்டார். ஆராதனை முடிந்து, வந்திருந்த ஏழெட்டுப் பேரும் ஓலைக் கோயிலை விட்டு அப்போதுதான் கிளம்பியிருந்தார்கள்.

அவருக்கு வேதம் சொல்லிக்கொடுத்த பாதிரியார் மாசிலாமணி ஐயர், செருப்பிலிருந்த மணலைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"ஆமென் சொன்ன கையோட வாரந்தவறாம இதைத்தான் கேக்கீரு. எனக்கும் மனப்பாடமாயிட்டு."

அந்தச் செம்மணல் காடு அப்படி. ஒரு வீட்டில் மிளகாய் தாளித்தால் அடுத்த வீட்டுக்காரன் தும்முவதற்கு மறுநாள் ஆகும். மணல்மேடுகள் ஓரிடத்தில் படுத்து வேறிடத்தில் எழுந்திருக்கும்.

"என்னை டவுன் கோயிலுக்கு மாத்திவிடுங்க. இங்கே மனுஷனைவிட ஓணான்தான் அதிகம்."

"அதுவாவது தலையை ஆட்டிக் கேக்குதே வே."

"விளையாடாதீங்க, ஐயா. இங்கே கிடந்தா நானே ஜெபத்தை மறந்துருவேன்."

ஐயர் செருப்பைக் கீழே போட்டார்.

"போம். அதுக்கு முன்னால மேற்கே நடந்து, நம்ம ஜெபம் நுழையாத ஒரு வீட்டைப் பார்த்துட்டு வாரும். ஒரே ஒரு வீடு. பார்த்துட்டீர்னா டவுன் உமக்கு."

சற்குணத்துக்குச் சிரிப்பு வந்தது. மேற்கே அவர் போனதே கிடையாது. பெட்டியைக் கட்டி வைத்துவிட்டுத்தான் கிளம்பினார்.

முதலில் தென்பட்டது கிணறு வெட்டும் செல்லக்கண் வீடு. மழைக்கு ஒதுங்கினவன் மாதிரி எப்போதோ ஓலைக் கோயிலுக்கு வந்துபோனவன்.

"வாங்கையா! ஜெபம் பண்ணிட்டுக் கஞ்சி குடிப்போம்."

புருஷனும் பெண்டாட்டியும் கண்ணை மூடி, பரமண்டல ஜெபத்தை ஒரு சொல் பிசகாமல் சொன்னார்கள். ஆமென்.

பிறகு இருவரும் பிடரியைச் சொறிந்தார்கள். வாசலைப் பார்த்தார்கள்.

"இவ்வளவு பேர்தானா?"

சற்குணத்தின் முகம் சுருங்கியது. "என்ன வே, கேலியா?"

"ஐயோ! நீங்க செய்த முறைதானே ஐயா? எதுவும் விட்டுப்போச்சா?"

அடுத்தது ஒரு கருப்பட்டி காய்ச்சும் குடிசை. அவர்கள் சற்குணத்தைக் கண்டதே இல்லை. கிணறு வெட்ட வந்த செல்லக்கண்ணிடம் கற்றுக்கொண்டவர்கள். சட்டுவத்தைப் பானையில் விட்டுவிட்டு ஜெபித்தார்கள். ஆமென் சொல்லிப் பிடரியைச் சொறிந்தார்கள்.

"இவ்வளவு பேர்தானா?"

அதே இழுவை. அதே சலிப்பு. தன் தொண்டையை யாரோ கழற்றிக்கொண்டுபோய் அங்கே மாட்டிவிட்டதுபோல இருந்தது அவருக்கு.

அதற்கப்பால் தடமே இல்லை. உச்சி வெயில். காற்று செத்துக் கிடந்தது. காலடியில் நிழலைத் தேடினார், அதுவும் இல்லை. நடந்தார்.

மணல்மேட்டின் மடியில் ஒரே ஒரு குடிசை. ஆடு மேய்க்கும் பேச்சி என்ற பெண் அங்கே தனியாக இருந்தாள்.

இவளுக்கு யார் சொல்லியிருக்கப் போகிறார்கள்? சற்குணத்துக்கு டவுன் கோயிலின் மணியோசையே காதில் கேட்டது.

"தண்ணி தாரேன், இருங்க. ஜெபம் முடிச்சிருதேன்" என்றாள் பேச்சி.

அவர் திகைத்துப்போனார். "உனக்கு யாரும்மா சொல்லிக்கொடுத்தது?"

"வழிதப்பி வந்த உப்பு வியாபாரி. கருப்பட்டிக் குடிசையில படிச்சுக்கிட்டானாம்."

வெறுங்குடிசைக்குள் பாயை விரித்தாள். ஜெபித்தாள். ஆமென். பிடரியைச் சொறிந்தாள்.

"இவ்வளவு பேர்தானா?"

இவள் குரலில் மட்டும் சலிப்பு இல்லை. கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருப்பவள்போல வாசல் பக்கம் காதைச் சாய்த்துக்கொண்டு இருந்தாள்.

"யாரைம்மா கேக்குறே?"

"இதென்ன கேள்வி? கேட்டாத்தானே வருவாங்க."

"யாரு?"

பேச்சி வெளியே கைகாட்டினாள்.

மணலில் அவர் வந்த தடம் தெரிந்தது. அதன் இருபுறமும் வேறு தடங்கள். வெறுங்கால்கள், பெரியதும் சிறியதுமாக. எல்லாம் வாசல்வரை வந்திருந்தன. ஒன்றுகூடத் திரும்பிப் போகவில்லை.

அது ஜெபத்தில் இல்லை, அலுப்பில் நான் சொன்னது என்று சொல்ல வாயெடுத்தார்.

"நீங்களும் ஒருக்கா கேளுங்கையா" என்றாள் பேச்சி. "என் குரல் ரொம்ப தூரம் போகாது."

சற்குணம் பாயில் உட்கார்ந்தார். கேட்டார்.

"இவ்வளவு... பேர்தானா?"

காற்று அசையவில்லை. ஆடுகள் அசைபோடுவதை நிறுத்தின. அவருக்குப் பக்கத்தில், யாருமில்லாத இடத்தில், பாய் மெதுவாக அழுந்தியது.

திரும்பி வந்தபோது ஐயர் கோயில் வாசலில் நின்றிருந்தார்.

"வீடு கிடைச்சுதா வே?"

"இல்ல, ஐயா."

"கட்டி வெச்ச பெட்டி?"

சற்குணம் அதை அவிழ்க்க உள்ளே போனார்.

அடுத்த ஆராதனைக்கு அதே ஏழெட்டுப் பேர். முன்பாயில் ஐயர், அவரை ஒட்டி ஒரு பனையேறி. பாட்டு முடிந்தது. ஜெபம் முடிந்தது. ஆமென்.

சற்குணத்தின் கை தானாகப் பிடரிக்குப் போனது. வெறிச்சோடிக் கிடந்த பாய்களைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார். வெளியே மணல் சரிகிற சத்தம்.

"இவ்வளவு பேர்தானா?" என்று கேட்டுவிட்டு, காதைச் சாய்த்துக்கொண்டு நின்றார்.

ஐயர் பக்கத்திலிருந்த பனையேறியின் தொடையைத் தட்டினார்.

"தள்ளி உக்காரும் வே. இடம் விடும்."