ஏழு துடிப்புக்கு ஒன்று

முன்னொரு காலத்தில் குன்றையூரை மழவராயர் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தார். ஆண்டார் என்ன ஆண்டார், காலையில் ஒரு புத்தி, மாலையில் ஒரு புத்தி! அவருடைய வில்படையில் நாற்பத்தோரு பேர். அதில் ஒச்சப்பனுக்கு மட்டும் பிறவியிலேயே பார்வை கிடையாது. ஆனால் காது இருக்கிறதே, அப்பப்பா! திரைக்குப் பின்னால் ஒளிந்திருப்பவனின் நெஞ்சு அடிப்பதைக் கேட்டே அம்பு விடுவான். ராஜாவின் உயிரை இரண்டு தடவை காப்பாற்றியவன். சிம்மாசனத்துக்குப் பக்கத்திலேயே அவனுக்கு இடம்.

தளபதி சிங்கமுத்துவுக்கு வயிறு எரிந்தது. ராஜாவின் காதைக் கடித்தான்.

"அரசே, ஒருத்தனை நம்பியா உங்கள் உயிர் இருப்பது? வில்லாளி என்றால் எல்லோருக்கும் இந்தக் காது வேண்டும். கண் போனால் காது தானே திறக்கும். நாற்பது பேர் கண்ணிலும் சுண்ணாம்பைப் பூசிவிடுவோம்."

"பேஷ்! இனி அதுதான் வில்படைக்கு விதி."

சபை வெலவெலத்துப் போயிற்று. படையில் ஒருவனுக்கு முந்தாநாள்தான் குழந்தை பிறந்திருந்தது. பாவம், இன்னும் அதன் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

அமைச்சர் தில்லைவிடங்கர் எழுந்தார். "உத்தரவு, அரசே. ஆனால் பூசிய பிறகு போன கண் வராது. முதலில் மூன்று நாள் துணியால் கட்டிப் பார்ப்போம். காது திறந்தால் பூசலாம்."

"அதுவும் சரிதான்."

மூன்றாம் நாள் நடுப்பகலில் சபை கூடியது. கதவு, சன்னல் எல்லாம் சாத்தியாயிற்று. அரையிருட்டில், கண் கட்டிய நாற்பது பேரும் நாணேற்றி வரிசையாக நின்றார்கள். வரிசையின் கடைசியில் ஒச்சப்பன்.

"இங்கே அதிகம் பயந்திருக்கும் நெஞ்சு எது?" என்றார் அமைச்சர்.

நாற்பது வில்லும் ஒன்றாகத் திரும்பித் தளபதிக்கு நேராக நின்றன. "ஐயோ!" என்று அவன் தரையில் விழுந்தான். ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடிப்பதற்குள் அத்தனை வில்லும் அவர் பக்கம் திரும்பிவிட்டன.

ராஜா சிம்மாசனத்தில் பின்னுக்கு ஒடுங்கினார். கட்டிய துணிக்குப் பின்னாலிருந்து நாற்பது முகமும் தன்னையே பார்ப்பதுபோல் இருந்தது.

"இறக்கச் சொல்லும், அமைச்சரே!"

"இவர்களுக்கு ராஜா, திருடன் தெரியாதே அரசே. பயம் மட்டும்தான் கேட்கும்."

அப்போது ஒச்சப்பன் மெதுவாகச் சொன்னான்: "ஏழு துடிப்புக்கு ஒன்று விட்டுப்போகிற நெஞ்சு."

ராஜாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது அவர் ராணியிடம்கூடச் சொல்லாத ரகசியம்!

"அவிழ்த்துவிடுங்கள்! விதியும் வேண்டாம், சுண்ணாம்பும் வேண்டாம்!"

துணிகள் அவிழ்ந்தன. புதுத் தகப்பன் சொல்லிக்கொள்ளாமலே வீட்டுக்கு ஓடினான். அமைச்சர் ராஜாவின் காலில் விழுந்து, வீரர்களின் இடுப்பை வரிசையாகக் கோத்திருந்து, அவன் ஓடியதில் அறுந்துபோன கறுப்பு நூலைக் காட்டினார். "மன்னியுங்கள். இவர்கள் காதில் ஒன்றும் விழவில்லை. நூல் ஒச்சப்பன் கையில். ஒருதரம் இழுத்தால் தளபதி, இரண்டுதரம் இழுத்தால் தாங்கள்."

ராஜாவுக்குப் போன உயிர் திரும்பியது. அமைச்சருக்கு முத்துமாலை. தளபதியோ கண்ணைக் கட்டிக்கொண்டு மூன்று நாள் லாயத்தில் குதிரை லத்தி அள்ளினான்.

"ஏழு துடிப்பு என்று ஒரு போடு போட்டாயே! அமைச்சர் சொல்லிக்கொடுத்ததா?" என்று ஒச்சப்பன் முதுகில் தட்டினார் ராஜா.

அமைச்சரின் முகம் வெளுத்தது. "நான் சொல்லவில்லை, அரசே."

"நூல்தான் பொய்," என்றான் ஒச்சப்பன். "போன மாதம் ஒன்பதுக்கு ஒன்று விட்டுப்போனது. கோபப்பட்டால் இன்னும் குறையும்."

அதன்பிறகு ராஜா கோபத்தில் எழுந்தால் ஒச்சப்பன் வாய் திறப்பதில்லை. விரல்களை மட்டும் நீட்டிக் காட்டுவான். ராஜா அதை எண்ணிப் பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் உட்கார்ந்துவிடுவார்.