கயிறு பிடிக்க ஓர் ஆள்

அந்தக் காலத்திலே ஏழிலை நாடு என்று ஒரு நாடு. அதை ஆண்டவன் சூரசிங்கன் என்ற ராஜா. நல்லவன்தான், ஆனால் காலையில் ஒரு புத்தி, மாலையில் ஒரு புத்தி. ஊரில் யாரும் தும்மக்கூடாது என்று ஒரு நாள் ஆணை போட்டான். மறுநாள் தனக்கே ஜலதோஷம் பிடித்ததும் ஆணையை ரத்து செய்தான். அப்பேர்ப்பட்டவன் முன்னால்தான் தும்பிமலைப் பெண்களின் பிழைப்பு வந்து நின்றது.

அவர்களுக்காகப் பேச வந்தவள் மாதி. அந்த மலையில் ஒரு வழக்கம் உண்டு. பாறையிலிருந்து தேனை இறக்குவது ஆண்கள் வேலை. இறக்கிய பிறகு அது பெண்கள் சொத்து. பிழிந்து, வடிகட்டி, சுமந்து வந்து விற்பது அவர்கள்தான். விற்பது என்பது பேருக்குத்தான். அடிவாரத்தில் பண்டகசாலை அதிகாரி பூவராகரின் ஆட்கள் குடங்களை வாங்கிக்கொண்டு, ஆளுக்குக் கொஞ்சம் உப்பும் ஒரு பழந்துணியும் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். விலையைக் கேட்டால், "அது ஐயாவிடம் பத்திரமாக இருக்கிறது" என்பார்கள்.

போன மழைக்காலத்தில் மாதியின் தங்கை காய்ச்சலில் கிடந்தாள். வைத்தியருக்குக் காசு வேண்டி, மாதி பூவராகர் வாசலில் பொழுதுக்கும் நின்றாள். ஐயா தூங்குகிறார் என்று சொல்லிவிட்டார்கள். தங்கை பிழைத்தது அவள் ஆயுசு கெட்டி என்பதால்தான். அன்று மூண்ட கோபம் மாதிக்கு இன்னும் ஆறவில்லை.

"சந்தையிலே எங்களுக்கு ஒரு இடம் வேணும் சாமி. எங்க தேனை நாங்களே விக்கணும். காசு எங்க கையிலே வரணும்" என்றாள்.

பூவராகர் துள்ளி எழுந்தார். "மகாராஜா! இவர்கள் சூதுவாது தெரியாத ஜனங்கள். அதிலும் பெண்கள். இவர்கள் கையில் எது நிற்கும்? காசு கொடுத்தால் மலை ஏறுவதற்குள் தொலைத்துவிடுவார்கள். பாறையில் தேனெடுக்க இறங்குகிறவனுக்கு மேலே ஒருவன் கயிறு பிடிப்பான் அல்லவா? அப்படித்தான் நான் இவர்களுக்குக் கயிறு பிடிக்கிறேன்!"

சபை தலையாட்டியது. அந்த உவமானம் மாதியின் காதில் சுருக்கென்று ஏறியது. பாறையைக் கண்ணால் பார்த்திராத மனுஷன் கயிற்றைப் பற்றிப் பேசுகிறாரே!

ராஜா வெற்றிலையை மடித்து வாயில் போட்டான். "இரண்டு பேரும் நன்றாகத்தான் பேசுகிறீர்கள். பேச்சு கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. பெண்ணே, இவர் உங்களுக்கு வேண்டாம் என்பதைக் கண்ணால் பார்க்கிற மாதிரி காட்டு. நான் இந்த வெற்றிலையை மென்று முடிப்பதற்குள் காட்டவேண்டும். இல்லாவிட்டால் மலைச்சரக்கு முழுதும் தலைமுறை தலைமுறைக்கும் பூவராகருக்கே!"

வெளியே மதிலோரம் தன்னை நம்பி உட்கார்ந்திருக்கும் பெண்களை மாதி நினைத்தாள். சன்னல் வழியாகப் பார்த்தாள். உப்பரிகைக்கு அடியில் பெரிய தேன்கூடு ஒன்று தொங்கியது.

"சாமி, அந்தக் கூட்டை எடுக்க ஐயா இறங்கட்டும். கயிறு யார் பிடிக்கணும்னு அவரே சொல்லட்டும்."

"நானா?" என்று அலறினார் பூவராகர்.

ராஜாவுக்குக் குஷி பிறந்துவிட்டது. "இறங்கும் ஐயா! யார் பிடிப்பது?"

"எங்க மலையிலே பொண்டாட்டி கூடப் பிறந்தவன்தான் பிடிப்பான் சாமி" என்றாள் மாதி. "இறங்கினவன் விழுந்தா, பிடிக்கிறவனோட அக்கா தங்கச்சி தாலி போயிடுமே. நாம விழுந்தா யாருக்கு நஷ்டமோ, அவங்க கையிலேதான் கயிறு இருக்கணும்."

"அருமை! பூவராகரே, உம்முடைய மைத்துனர்தான் இங்கேயே இருக்கிறாரே!" என்றான் ராஜா.

மைத்துனனான காவல் தலைவன் வாசலில் மீசையைத் தடவிக்கொண்டு நின்றான். தன் மனைவியோடு சண்டை போட்டு அவளைப் பிறந்த வீட்டுக்கு விரட்டியது பூவராகருக்கு நினைவு வந்தது. "அவர்... அவர் வேண்டாம் மகாராஜா."

"உமது உதவி அதிகாரி?"

"என் பதவிக்கு அவன் நாக்கைத் தொங்கப்போட்டுக் காத்திருக்கிறான்!"

"சேனாதிபதி?"

"என் மாளிகை மேல் அவருக்கு ஒரு கண்."

"சரி, நானே பிடிக்கிறேன்."

பூவராகருக்குப் பிள்ளை இல்லை. வாரிசில்லாதவன் சொத்து அரண்மனைக்குச் சேரும் என்று சட்டம் எழுதிக் கொடுத்தவரே அவர்தான். சபையை ஒரு சுற்றுப் பார்த்தார். எல்லா முகத்திலும் சிரிப்பு. சிரிக்காமல் நின்றது மாதி ஒருத்திதான்.

"இவள் பிடிக்கட்டும்" என்றார் மெதுவாக.

"இவளா? உம்மேல் கோபமாக வந்தவள் ஆயிற்றே!"

"கோபம் இருக்கும், மகாராஜா. ஆனாலும் மலைக்காரர்கள் பிடித்த கயிற்றை விடமாட்டார்கள்."

வாய் தவறி உண்மை வந்துவிட்டது. ராஜா மெல்லுவதை நிறுத்தினான்.

"உம் உயிரை இவள் கையில் கொடுப்பீர். இவள் தேனின் விலையை இவள் கையில் கொடுக்க மாட்டீரோ?"

பூவராகர் தலை கவிழ்ந்தது. இறங்கவேண்டாம் என்று ராஜா அவரை விட்டுவிட்டான். ஆனால் இத்தனை காலம் 'பத்திரமாக' வைத்திருந்ததை அவரே தலையில் சுமந்துபோய், மதிலோரம் இருந்த பெண்கள் ஒவ்வொருத்தி கையிலும் கொடுக்கவேண்டும் என்றான். சந்தையில் நல்ல நிழலான இடம் அவர்களுக்கு என்றும் ஆணையிட்டான். இந்த ஆணையை மாற்றக் கூடாது என்று தனக்கே ஓர் ஆணையும் போட்டுக்கொண்டான்.

மாதிக்குக் கண் கலங்கியது. கும்பிட்டுவிட்டுத் திரும்பியவளை ராஜா கூப்பிட்டான். அவன் குரலில் விளையாட்டு இல்லை. சபையில் இருந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுக் கேட்டான்: "மாதி, நான் இறங்கினால் யார் பிடிப்பார்கள்?"

மாதி யோசித்தாள். பொய் சொல்ல மனம் வரவில்லை.

"இன்னிக்கு யாரும் இல்லே சாமி. சந்தையிலே எங்க பிழைப்பு நல்லா நடக்கட்டும். ராஜா விழுந்தா நமக்கு நஷ்டம்னு நாங்க நினைக்கிற நாள் வரும். அன்னிக்கு நாங்க எல்லாரும் வந்து பிடிக்கிறோம்."