பத்தாம் நாளுக்குப் பதுக்கிய காட்சி

மலையணில் வடமலைக்கு அன்று சாயங்காலம் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தன் வாலைத் தானே மிதித்துக் கிளையிலிருந்து விழப் பார்த்தான். பின்னே, அவன் எழுதிய தொடர் நாடகத்துக்கு அன்றுதானே முதல் நாள்!

அந்தக் காட்டில் மழைக்காலம் ஓய்ந்ததும் குளக்கரைப் பாறையில் தினமும் நாடகம் நடக்கும். பொழுது சாயத் தண்ணீர் குடிக்க வருகிறவர்கள், யாரும் யாரையும் கடிக்காமல் உட்கார்ந்து பார்ப்பார்கள். பாறை யாருக்கு என்று சொல்வது யானைத் தலைவி பேச்சியம்மா. அவளுக்கு ஒரே ஒரு சட்டம்தான். முதல் நாள் அவள் தண்ணீர் குடித்து முடித்துத் துதிக்கையைத் தூக்கும்போது, பாறைக்கு முன்னால் கூட்டம் இருக்க வேண்டும். இருந்தால் அந்தப் பருவம் முழுக்கப் பாறை நாடகக்காரருக்கு. கூட்டம் கலைந்துவிட்டால் பாறை அடுத்தவருக்கு.

அடுத்தவர் யார் தெரியுமா? தவளை தவசி. அவன் கச்சேரியில் ஒரே பாட்டுத்தான். அந்தப் பாட்டிலும் ஒரே வரிதான். போன பருவத்தில் வேறு ஆள் இல்லை என்று பாறையை அவனிடம் கொடுத்துவிட்டு, காடே காதைப் பொத்திக்கொண்டு திரிந்தது.

அதனால்தான் வடமலையின் நாடகத்துக்கு அத்தனை எதிர்பார்ப்பு. நாடகத்தின் பெயர் 'ஒற்றன் மாயக்குரலன்'. கதாநாயகன் யார் குரலில் வேண்டுமானாலும் பேசுவானாம். எதிரியின் காதுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பானாம், எதிரிக்குத் தெரியாதாம். குரங்குகள் கிளைக்குக் கிளை போய் இதைச் சொல்லிச் சொல்லி, கரடி அன்றைக்குத் தேன் எடுக்கப் போவதையே தள்ளிப்போட்டு முதல் வரிசையில் இடம் பிடித்து உட்கார்ந்துவிட்டது.

மாயக்குரலன் வேஷம் கரிச்சான் குருவி சுடலைக்கு. நிஜமாகவே எந்தக் குரலையும் அப்படியே பேசிக் காட்டுகிற கெட்டிக்காரன் அவன். வில்லன் வேஷம் எறும்புத்தின்னி பூலோகத்துக்கு. உடம்பைச் சுருட்டிப் பந்தாகி, பாறை உச்சியிலிருந்து உருண்டு வந்தான் என்றால் பார்க்கிறவர்களுக்கு நெஞ்சு படபடக்கும். இப்படி இரண்டு பேரை வைத்துக்கொண்டு ஒருவன் தோற்க முடியுமா? முடியும் என்று நம் வடமலை காட்டினான்.

நாடகம் தொடங்குமுன் அவன் மனைவி வடிவு கேட்டாள்.

"ஏங்க, அந்தக் குரல் மாத்துற காட்சி இன்னைக்கு உண்டும்லா?"

"அது பத்தாம் நாள்."

"பூலோகத்து அண்ணன் உருளுறது?"

"அதுவும் பத்தாம் நாள்தான்."

"அப்ப இன்னைக்கு என்னதான் வெச்சிருக்கீய?"

"அறிமுகம்" என்றான் வடமலை பெருமையாக. "நல்லதை எல்லாம் இன்னைக்கே காட்டிட்டா அப்புறம் என்ன மிஞ்சும்? சும்மா இரு, உனக்குத் தெரியாது."

அணில் சாதிக்கே உள்ள குணம் இது. நல்ல கொட்டையாக ஒன்று அகப்பட்டால் வாய்க்குள் போகாது, பொந்துக்குள் போய்விடும். சொத்தைக் கொட்டையைத்தான் அன்றைக்குத் தின்னும். கொட்டைக்கு அது சரி. வந்து உட்கார்ந்திருக்கிற விருந்தாளிக்குச் சொத்தைக் கொட்டையைக் கொடுக்கலாமா என்று அவன் யோசிக்கவே இல்லை.

நாடகம் ஆரம்பித்தது. தேக்கிலையை முதுகில் போர்த்திக்கொண்டு சுடலை பாறையில் வந்து நின்றான்.

"நான்தான் மாயக்குரலன். நான் ஓர் ஒற்றன். யாருக்கும் தெரியாமல் வேவு பார்ப்பவன்."

"யாருக்கும் தெரியக்கூடாதுன்னா அதை ஏம்ல இம்புட்டுச் சத்தமா சொல்லுத?" என்றது கரடி.

கூட்டம் சிரித்தது. சுடலைக்கு முகம் சுருங்கியது. ஆனாலும் எழுதிக் கொடுத்ததைச் சொல்லித்தானே ஆக வேண்டும்? சொன்னான். தன் தாய் யார், தந்தை யார், எந்த மரத்தில் பிறந்தான், அந்த மரத்தில் எப்படி இடி விழுந்தது, இடி விழுந்த பிறகு அபூர்வ சக்தி எப்படி வந்தது, எல்லாம் சொன்னான். பிறகு ஓர் ஆந்தை வந்தது. அது ஒற்றர்களுக்கெல்லாம் தலைவராம். "உனக்கு ஒரு பெரிய வேலை காத்திருக்கிறது" என்றது.

"என்ன வேலை தலைவரே?"

"அதை ஐந்தாம் நாள் சொல்கிறேன்" என்று ஆந்தை பறந்து போய்விட்டது.

கரடி கொட்டாவி விட்டது. "ஏய் வடமலை, எதிரி யாருடே?"

"அது ஏழாம் நாள் தெரியும் அண்ணாச்சி."

"அந்தக் குரலு?"

"பத்தாம் நாள்."

முதலில் எழுந்தவை மான்கள். பாவம், மரியாதை தெரிந்தவை, தாகம் எடுப்பதுபோலத் தொண்டையைச் செருமிக்கொண்டு நழுவின. காட்டுப்பன்றிகளுக்கு அந்த நாசூக்கெல்லாம் கிடையாது. "சே, இதுக்குத் தவசி பாட்டே தேவலைடே" என்று சொல்லிக்கொண்டே போயின.

வடமலையின் நெஞ்சில் முள் தைத்த மாதிரி இருந்தது. தவசி பாட்டே தேவலையா? ஓடிப்போய்க் கூட்டத்துக்கு முன்னால் நின்று கையைக் கூப்பினான்.

"கொஞ்சம் பொறுங்க அண்ணாச்சி. போகப் போக ரொம்ப நல்லா இருக்கும்."

"அப்ப நல்லா இருக்கறப்ப வாரோம்" என்று கரடியும் எழுந்துவிட்டது.

குளத்தில் பேச்சியம்மா இன்னும் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு கல்லின்மேல் தவசி ஏறி உட்கார்ந்து, கன்னத்தை ஊதித் தொண்டையைச் சரிபார்க்க ஆரம்பித்தான்.

வடமலை பாறைக்குப் பின்னால் ஓடினான். சுடலை தேக்கிலையைக் கழற்றி வீசிக்கொண்டிருந்தான்.

"மலைக்கு அந்தப் பக்கத்து நாடகக்காரவ என்னைக் கூப்பிட்டுக்கிட்டே இருக்காவ அண்ணாச்சி. உங்களுக்காகத்தான் போகாம கிடந்தேன். கூட்டத்துக்கு முன்னாடி வாயைக் கட்டிப்போட்டு நிக்க வெச்சிட்டீய. நாளைக்குக் கிளம்புதேன்."

அவன் குரலில் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகமாக இருந்தது. வடமலையால் அவனை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. பாறை போனால் சுடலையும் போய்விடுவான். காடு முழுக்க ஒன்றாக உட்கார்ந்து வாய்விட்டுச் சிரிப்பதை ஒருநாளாவது பார்க்க வேண்டும் என்று வடமலை ஆசை ஆசையாக எழுதிய நாடகம், அறிமுகத்தோடு செத்துப் போகும்.

"பத்தாம் நாள் காட்சியை இப்பப் போடுங்க" என்றாள் வடிவு.

"போட்டுட்டா? நாளைக்கு என்ன செய்வேன் வடிவு? கையில ஒண்ணும் இருக்காதே."

"நாளைக்குப் பாறை தவசிகிட்ட இருக்கும். பத்தாம் நாள் உங்க காட்சியை யாருக்குக் காட்டுவீய? எனக்கா?"

வடமலை வாலைப் பிடித்துப் பிசைந்தான். ஆசையாகச் சேர்த்து வைத்ததை ஒரே நாளில் அள்ளி இறைக்க எந்த அணிலுக்கு மனசு வரும்? கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பேச்சியம்மா கடைசி வாய்த் தண்ணீரை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"சுடலை, உன் இஷ்டம் போல விளையாடுடே" என்றான். "எல்லாத்தையும் இறக்கு."

சொன்னதுதான் தாமதம், சுடலையைக் காணோம். எந்த இலைக்குள் போய் ஒளிந்தானோ. அடுத்த நிமிஷம் குளக்கரையே அதிர்கிற மாதிரி பேச்சியம்மாவின் குரல் கேட்டது.

"அவனவன் இடத்துல போய் உக்காருங்கடே."

மான்கள் எடுத்து வைத்த காலை அப்படியே பின்னுக்கு இழுத்துக்கொண்டு ஓடிவந்து உட்கார்ந்தன. காட்டுப்பன்றிகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து உட்கார்ந்தன. கரடியும் உட்கார்ந்தது. குளத்தில் நின்ற பேச்சியம்மா மட்டும் வாய் நிறையத் தண்ணீரோடு திருதிருவென்று விழித்தாள். பேசியது அவள் இல்லையே!

அடுத்து, கரடியின் முதுகுக்குப் பின்னாலிருந்து கரடியின் குரலே கேட்டது. "போன வாரம் குரங்கு தேனைத் திருடிட்டுன்னு ஊரைக் கூட்டினேன்லா? திருடித் தின்னது நான்தான்."

"நான் சொல்லலை, நான் சொல்லலை" என்று கரடி துள்ளி எழுந்தது. "அது நான் இல்லை. தின்னது நான்தான், ஆனா சொன்னது நான் இல்லை."

இப்போது சிரிப்பு வெடித்தது. குரங்குகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிளையிலிருந்து பொத்துப் பொத்தென்று விழுந்தன. அதற்குள் தவசியின் ஒரே வரி, ஒரு பன்றியின் காதுக்குள்ளிருந்து கேட்டது. பன்றி காதை உதறு உதறு என்று உதறியது.

"மாயக்குரலன் நம்ம நடுவுலதான் இருக்கான்" என்றது ஒரு மான். அவ்வளவுதான், ஒருவர் முதுகை ஒருவர் தேட ஆரம்பித்துவிட்டார்கள். ஒருத்தருக்கும் தண்ணீர் ஞாபகமே இல்லை.

பாறை உச்சியில் பூலோகம் நன்றாகச் சுருண்டு குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். பத்தாம் நாள்தானே வேலை, அதுவரை தூங்கலாம் என்று இருந்துவிட்டான். வடமலை அவன் செதிலைப் பிடித்து உலுக்கினான்.

"எந்திரி பூலோகம், உன் காட்சி வந்துட்டு."

"அதுக்குள்ள பத்தாம் நாளாயிட்டா?" என்றான் பூலோகம் தூக்கக் கலக்கத்தில்.

"ஆயிட்டு, ஆயிட்டு" என்று சொல்லி வடமலையும் வடிவும் சேர்ந்து ஒரே தள்ளாகத் தள்ளினார்கள்.

பூலோகம் உருண்டான். ஒத்திகையில் உருண்டதெல்லாம் ஓர் உருளலே இல்லை. பாறையில் குதித்து, பன்றிகளுக்கு நடுவே புகுந்து, கரடியின் காலுக்கு அடியில் நுழைந்து, தவசி உட்கார்ந்திருந்த கல்லில் மோதிக் குளத்தில் தொப்பென்று விழுந்தான். தவசி ஆகாயத்தில் எழும்பிப் பேச்சியம்மாவின் தலையில் வந்து உட்கார்ந்தான். பயத்தில் அவன் தொண்டையிலிருந்து அந்த ஒரே வரி தானாக வந்தது. பேச்சியம்மாவால் தாங்க முடியவில்லை. துதிக்கையைத் தூக்கிச் சிரித்தாள் பாருங்கள், முதுகில் ஊற்றத் துதிக்கையில் வைத்திருந்த தண்ணீரெல்லாம் கூட்டத்தின் தலையில் மழையாகக் கொட்டியது.

நனைந்த பிறகும் ஒருவரும் நகரவில்லை.

சிரிப்பு அடங்கியதும் பேச்சியம்மா பாறைப் பக்கம் நடந்து வந்தாள்.

"என் குரல்ல பேசினது யாரு?"

எல்லாரும் வடமலையைத் திரும்பிப் பார்த்தார்கள். அவனுக்குப் பயம்தான். ஆனாலும் முன்னால் வந்து நின்றான்.

"நாடகத்துல ஒற்றன் பேசினான் பெரியம்மா. பேசச் சொன்னது நான். ஏசுறதா இருந்தா என்னை ஏசுங்க, அவனை விட்டுருங்க."

பேச்சியம்மா அவன் பக்கம் குனிந்தாள். "நான் அவ்வளவு சத்தமாவா பேசுதேன்?"

"இன்னும் கொஞ்சம் கூட" என்று இலைக்குள்ளிருந்து அவள் குரலிலேயே பதில் வந்தது.

அவளுக்கு மறுபடியும் சிரிப்பு வந்துவிட்டது. "முன்பாதியில நானே தண்ணிக்குள்ள தூங்கிட்டேன்டே வடமலை. பின்பாதி ஜோர். ஒருத்தனும் எந்திரிச்சுப் போகலை. பாறை உனக்குத்தான்."

சுடலை மரத்திலிருந்து இறங்கி வந்து தேக்கிலையைத் தேடி எடுத்து மடித்து வைத்துக்கொண்டான். மலைக்கு அந்தப் பக்கத்துப் பேச்சை அப்புறம் அவன் எடுக்கவே இல்லை.

மறுநாள் விடிந்தது. வடமலை பொந்து வாசலில் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தான். பாறை கிடைத்துவிட்டது, சரி. அன்று சாயங்காலம் எதைக் காட்டுவது? சேர்த்து வைத்த நல்ல காட்சியெல்லாம் நேற்றே தீர்ந்துவிட்டதே!

அப்போது மரத்தடியில் கரடி வந்து நின்றது.

"வடமலை, இன்னைக்கும் என் குரலு உண்டாடே? அந்தத் தேன் விஷயம் வேண்டாம். நான் ஒருதரம் என் நிழலைப் பார்த்துப் பயந்து ஓடினேன், அதைப் போடு. இவங்க சிரிக்கட்டும்."

கரடி போனதும் மான்கள் வந்தன. தங்கள் குரலை மட்டும் ஏன் பேசவில்லை என்று மனத்தாங்கல். பன்றிகள் வந்து, பூலோகம் மறுபடி உருண்டால் தாங்கள் எதிர்த்திசையில் ஓடுவதாகச் சொல்லி, ஓடியே காட்டின. கடைசியில் தவசியும் வந்தான்.

"என் பாட்டைச் சுடலை சுருதி தப்பிப் பாடுதான் அண்ணாச்சி. எனக்கே ஒரு வேஷம் கொடுங்க. எதிரியைப் பாட்டுப் பாடியே விரட்டிருதேன்."

"அது நடக்கும்டே" என்றாள் வடிவு, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

மத்தியானத்துக்குள் வடமலையிடம் ஒரு பருவத்துக்குத் தேவையானதைவிட அதிகமாகக் காட்சிகள் சேர்ந்துவிட்டன. அதில் தவசி பாட்டுக்குப் பயந்து வில்லன் குளத்தில் குதிக்கிற காட்சிதான் எல்லாவற்றிலும் நல்லது. வடமலையின் மனசு பழக்க தோஷத்தில் அதைத் தனியாக எடுத்து ஓரம் கட்டப் பார்த்தது. ஆனால் இந்த முறை வடிவு சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவனே தவசியைக் கூப்பிட்டான்.

"உன் காட்சி இன்னைக்கு. அதுவும் முதல் காட்சி."

"பத்தாம் நாளுக்கு என்ன அண்ணாச்சி?" என்று கேட்டான் சுடலை.

"அதைப் பத்தாம் நாள் காலையில கேளு" என்று வடமலை பாறையைக் கூட்டப் போய்விட்டான். அன்று சாயங்காலம் பாறைக்கு முன்னால் நேற்றைவிடப் பெரிய கூட்டம் முந்திக்கொண்டு வந்து உட்கார்ந்தது.

நம்பி வந்து உட்கார்ந்தவருக்கு இருப்பதில் நல்லதை இன்றைக்கே எடுத்து வைப்பவனுக்குத்தான், நாளைக்கும் காட்ட ஏதாவது இருக்கும், பார்க்க ஆளும் இருக்கும்.